மஞ்சளாக வேண்டிய பொடி

பாலைவன ஓரத்து ஊரான எர்ராஷிதியாவில் மழை பெய்தால் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்று பார்ப்பார்கள். அந்த ஊர்க் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் இத்தோவுக்கு ஆராய்ச்சி, வெயிலைக் கொண்டு தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுப்பது.

"தண்ணியே இல்லாத ஊர்ல தண்ணிய உடைக்கிறா என் பொண்டாட்டி" என்று அவள் கணவன் லஹ்சன் காபிக் கடையில் சொல்லிச் சிரிப்பான். அவன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர்.

"எனக்கு ஒரு டீ கிளாஸ் தண்ணி போதும். மிச்சத்த நீ குடிச்சுக்க" என்பாள் இத்தோ.

படிக்கிற காலத்தில் அவளுக்கு ஆய்வகத்தில் நின்று வேலை செய்யத்தான் ஆசை. வேலை கிடைத்த கல்லூரியிலோ நல்ல உலை ஒன்றுகூடக் கிடையாது. இணையம் இருந்தது, தலைநகர் ரபாத்தில் பல்கலைக்கழகங்கள் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு பெரிய கணினி இருந்தது. இத்தோ முடிவெடுக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. சட்டியில் வேகவைக்க முடியாததைக் கணக்கில் வேகவைப்பது என்று இறங்கிவிட்டாள்.

கணினிக்குள் அணுக்களை ஒவ்வொன்றாக அடுக்கி ஒரு படிகத்தைக் கட்டுவாள். இதன்மேல் வெயில் பட்டால் எலக்ட்ரான் எழும்புமா, எழும்பினால் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும் பலம் அதற்கு இருக்குமா என்று கணக்குப் போடுவாள். பெரும்பாலான பொருள்கள் கையை விரித்தன. ஒன்று மட்டும் தலையசைத்தது. ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் என்ற வெள்ளைப் பொடி அது. தனியாக இருந்தால் புற ஊதா ஒளியை மட்டுமே உண்ணும். டைட்டானியம் இருக்கும் இடத்தில் கொஞ்சம் குரோமியத்தை உட்காரவைத்தால் நீல ஒளியையும் உண்ணும், பொடி மஞ்சளாகும் என்றது கணக்கு.

மெக்னெஸ் நகரத்துப் பேராசிரியர் பென்ஷக்ரூன் அதைச் சுட்டுப் பார்க்க ஒப்புக்கொண்டார். உலையோடு தலை நரைத்தவர். சுட்டார், தண்ணீரில் கலந்தார், விளக்கொளியில் வைத்தார். ஹைட்ரஜன் வரவில்லை. அடுத்த கருத்தரங்கில் எல்லார் முன்னாலும், 'லல்லா', அதாவது அம்மணி, என்று மரியாதை குறையாமலே சொன்னார்:

"லல்லா இத்தோவோட ஹைட்ரஜன் கம்ப்யூட்டருக்குள்ள நல்லாத்தான் வருது. வெளிய வரத்தான் வெக்கப்படுது."

சபை சிரித்தது. இத்தோ எழுந்து போய், மேசைமேல் அவர் வைத்திருந்த பொடிக் குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது என்ன நிறம், சி பென்ஷக்ரூன்?" அவளும் 'ஐயா' என்ற மரியாதைச் சொல்லோடுதான் கேட்டாள்.

"பழுப்பு. ஏன்?"

"நான் சொன்னது மஞ்சள். இது நான் சொன்ன பொருளே இல்ல."

"நீங்க சொன்ன அளவுதாம்மா கலந்தோம். எங்களுக்குச் சுடத் தெரியாதுங்கறீங்களா?"

"சுட்டதுல குத்தம் சொல்லல. உள்ள போன குரோமியம் வேற எதுவாவோ மாறியிருக்கு. என்னன்னு பாத்துட்டு வரேன்."

"பாத்தும் தெரியலன்னா?"

"அப்ப நீங்க சிரிச்சது நியாயம்."

ஊர் திரும்பும் பேருந்து மிதெல்த்தைத் தாண்டி மலையில் இறங்கும்போது அவளுக்குப் பொறி தட்டியது. குரோமியம் எப்படி உட்கார வேண்டும் என்று கணக்கில் அவளே கட்டளை போட்டிருந்தாள். உலைக்குள் யார் கட்டளை போடுவது? டைட்டானியத்தைவிட ஒரு எலக்ட்ரான் குறைவாகத் தருவது அது. அந்தக் குறையை ஈடுகட்டப் படிகத்தில் ஓட்டை விழும். குரோமியமும் வேறு வடிவம் எடுக்கும். வெயிலில் எழும்பிய எலக்ட்ரான் அந்தக் குழிகளில் விழுந்து செத்துப்போகும். தப்பில் பாதி தன்னுடையது என்று தெரிந்ததும், ஏனோ, அவளுக்கு மனம் லேசாகிவிட்டது. தெரிந்த தப்பைத் திருத்திவிடலாமே.

ரமலான் மாதம் முழுக்க மறுபடி கணக்கு ஓடியது. ஹரீரா சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே லஹ்சன் கேட்பான்: "நாம நோன்பு திறந்தாச்சு. உன் அணுங்க எப்ப திறக்கும்?"

"அதுங்களுக்குத் துணை தேடிட்டு இருக்கேன்."

துணை கிடைத்தது. ஸ்ட்ரான்சியத்தின் இடத்தில் லாந்தனத்தை வைத்தால் அது ஒரு எலக்ட்ரானை அதிகமாகக் கொண்டுவரும். குரோமியத்தின் குறை அதோடு சரி. ஓட்டைக்கு வேலையில்லை. பெருநாள் முடிந்ததும் பென்ஷக்ரூனுக்குத் தொலைபேசினாள்.

"இந்தத் தடவ என்ன நிறம் வரும்னு சொல்லிடுங்க, லல்லா. அப்புறம் சண்ட வேண்டாம்."

"அதே மஞ்சள்தான்."

சில வாரங்கள் கழித்து அவர் ஒரே வரி அனுப்பினார்: நீங்களே வந்து பாருங்கள்.

மெக்னெஸ் ஆய்வகத்தில் அவர் கையுறை ஒன்றை நீட்டினார். அவள் மாட்டிக்கொண்டதும் உள்ளங்கையில் கொஞ்சம் பொடியைக் கொட்டினார். எலுமிச்சைத் தோல் நிறம். இத்தனை வருடமும் திரையில் உருண்டைகளாக மட்டுமே பார்த்த பொருள், இப்போது கையில் கனமில்லாமல் கிடந்தது. அவள் அதை உடனே திருப்பித் தரவில்லை. அவரும் கேட்கவில்லை.

பொடியைத் தண்ணீரில் கலந்து விளக்கைப் போட்டார்கள். வாயுவை அளக்கும் கருவியின் திரையில், ஹைட்ரஜனுக்குரிய இடத்தில் கோடு மெல்ல மேலே ஏறியது. பென்ஷக்ரூன் நம்பவில்லை. விளக்கை அணைத்தார், கோடு படுத்தது. பொடி இல்லாமல் வெறும் தண்ணீரை வைத்தார், அப்போதும் எழவில்லை. பொடியைப் போட்டு மறுபடி விளக்கை ஏற்றினார். கோடு எழுந்தது.

"வெக்கம் போயிடுச்சு போலிருக்கு" என்றார்.

"உங்களுக்கா, ஹைட்ரஜனுக்கா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கு மதியச் சாப்பாடு அவர் வீட்டில்.

வந்த ஹைட்ரஜன் கொஞ்சம்தான். "இத வச்சு ஒரு கெண்டித் தண்ணி கொதிக்க வைக்கணும்னா அடுத்த ரமலான் வந்துடும்" என்றான் லஹ்சன். இத்தோ மறுக்கவில்லை. வேகம் போதாது என்பது அவளுக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். குரோமியத்தில் நஞ்சு உண்டென்பதும் தெரியும். ஆய்வுக் கட்டுரை அவள் பெயரிலும் பென்ஷக்ரூன் பெயரிலும் வெளிவந்த வாரத்திலேயே குரோமியம் இல்லாத வேறொரு படிகத்தை அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

போன வாரம் பென்ஷக்ரூன் கூப்பிட்டார். "லல்லா, உலை சும்மா கெடக்குது. அடுத்து என்ன சுடட்டும்?"

"ரபாத் கம்ப்யூட்டர்ல எனக்கு முன்னாடி ரெண்டு பேர் நிக்கறாங்க. கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள் இத்தோ.