ரத்தம் சொட்டாத சிலைடு

போன மாதம் எங்கள் ஊர்த் தியேட்டரில் ஒரு சனிக்கிழமை மாலைக் காட்சி. இடைவேளையில் திரையில் ஒரு படம் விழுந்தது. தோலுரித்த நீர்நாய் — ரத்தம் சொட்டச் சொட்ட! கீழே, ‘துரைசானியின் கோட்டுக்காக ஓர் உயிர்!’ என்று கொட்டை எழுத்து.

அதைப் போடச் சொன்ன புண்ணியவான் நான்தான்.

திண்டுக்கல் வெயிலில் ரோமக் கோட்டை எவர் போடப் போகிறார் என்கிறீர்களா? கோட்டு சீமையில்தான். கண்ணி மட்டும் நம் குடகனாற்றில் அல்லவா வைக்கிறார்கள்? நானும் நாலு நண்பர்களும் நடத்துகிற ஜீவகாருண்ய சங்கத்துக்கு இது பொறுக்கவில்லை. தியேட்டருக்குக் கண்ணாடி சிலைடு வரைகிற பெயின்ட்டர் யூசுப்பிடம் போனேன்.

“ரத்தம் வேணாம் சார்... சனம் கண்ணை மூடிக்கிரும்” என்றார் யூசுப்.

“மூடட்டும் பாய்! மனசு திறக்கும்” என்றேன். என்ன ஒரு வசனம்!

மனசு திறந்ததோ இல்லையோ, தியேட்டர் கதவு திறந்தது. குழந்தைகள் வீரிட்டன. தாய்மார்கள் அவர்களைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். மானேஜர் சிலைடைக் கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை யூசுப் கடையில் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வாசலில் வந்து நின்றார். பெயர் மூக்கன். வேடசந்தூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் கண்ணி வைக்கிறவர். முந்தின நாள் தரை டிக்கெட்டில் இருந்தாராம்.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“அய்யா, நேத்துப் போட்ட படம் தப்பு. தோலை உரிச்சா அம்புட்டு ரத்தம் சொட்டாது. நாந்தான் உரிக்கிறேன்ல?”

எதைக் காட்டி இப்படிப்பட்டவர்களை உலுக்க நினைத்தேனோ, அது அவருக்கு வேலை!

யூசுப் பென்சிலை எடுத்தார். “உசுரோட இருக்கையில எப்படிண்ணே இருக்கும்? நான் பார்த்ததே இல்ல.”

மூக்கன் உட்கார்ந்தார். “மீசை இம்புட்டு நீளம்... காது சின்னதுப்பா... இப்படி நாலு கால்ல நிக்காது. சத்தம் கேட்டா ரெண்டு கால்ல எந்திரிச்சு நம்மளையே பாக்கும்.”

“குட்டி?”

“அதைக் கழுத்துல கவ்விக்கிட்டு நீந்தும். தாய் கண்ணியில மாட்டிருச்சுன்னா குட்டி போகாது. சுத்திச் சுத்தி வந்து, பச்சப்புள்ள மாதிரி கத்தும். நான் கிட்டப் போற வரைக்கும்...”

நிறுத்திவிட்டார்.

யூசுப் வரைந்து முடித்திருந்தார். காகிதத்தில் தாய் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கனும் அதையே செத்த நேரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டு, “வாரேன்” என்று போய்விட்டார்.

அந்தப் படம்தான் புது சிலைடு. துளி ரத்தம் இல்லை. ‘என் தோல் எனக்கு வேண்டும்’ — ஒரே வரி. மானேஜரைக் கெஞ்சிக் கூத்தாடிப் போட வைத்தேன். தியேட்டர் கப்சிப். ஒரு குழந்தை, “அம்மா, அது நம்மளப் பாக்குது” என்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

அது அடங்குவதற்குள் ஒரு ஜவுளிக்கடை முதலாளி என் கையைப் பிடித்தார். “ரொம்ப லட்சணமா இருக்கே சார்! அந்தத் தோல் எங்க கிடைக்கும்?”

எப்படி? கோரத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அழகைக் காட்டினால் ஆசைப்படுகிறோம். இரக்கம் வர எதைத்தான் காட்டுவது?

போன வாரம் யூசுப் ஒரு செய்தி சொன்னார். மூக்கன் கண்ணி வைப்பதை விட்டுவிட்டாராம். ஆயக்குடிப் பக்கம் ஒரு கொய்யாத் தோப்பில் காவல் வேலை. வரும்படி குறைச்சல், சம்சாரத்துக்குக் கோபம். “அன்னைக்கு உங்க கடையில பேசிட்டுப் போனதுல இருந்து கை ஓடலை” என்றாராம்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நாங்கள் போட்ட புது சிலைடை அவர் திரையில் பார்க்கவே இல்லை!