ஏரித் திட்டும் கடல் திட்டும்

நான் வேலை செய்யும் அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு மே மாதமும் யாராவது நான்கு ஆரஞ்சு நிறக் கூம்புகளைக் கொண்டுவந்து சதுரமாக வைத்துவிடுவார்கள். முதல் வருடம் அதைப் பார்த்தபோது எனக்கு இரண்டு காரணங்கள்தாம் தோன்றின: தரைக்கடியில் கேபிள் பழுதாகியிருக்க வேண்டும், அல்லது எண்ணெய் சிந்தியிருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை கற்ற தொழிற்சாலையில் கூம்புக்கு வேறு பொருள் கிடையாது. கிட்டே போய்ப் பார்த்தேன். சரளைக் கற்களுக்கு நடுவே, அந்தக் கற்களைப் போலவே புள்ளி போட்ட மூன்று முட்டைகள். கறுப்பு வெள்ளை உடம்பும் சிவந்த நீண்ட அலகும் கொண்ட ஒரு பறவை என் காலணியைப் பார்த்துக் கத்தியது. அது எங்கள் மேலாளர் கார் நிறுத்தும் இடம். அவர் காரைத் தெருக்கோடியில் விட்டுவிட்டு நாள்தோறும் மழையில் நடந்து வந்தார். அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவும் இல்லை. "அவள் உட்கார்ந்திருக்கிறாள்" என்று மட்டும் ஒருவர் என்னிடம் சொன்னார். யாரோ பெண்மணி எனக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்து நான் வரவேற்பறை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இது ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊர். கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளின் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஊர் நினைவு வருகிறது என்று நான் சொன்னால் இங்குள்ளவர்கள் உடனே தென்னை மரங்களைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். எனக்கு வரும் நினைவுகளை ஒருநாள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஷிப்டு மாறும்போது ஊதும் சங்கு. இரும்பு உருக்கும் ஆலைகளிலிருந்து வரும் சூடான காசு வாசனை. மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளைத் துப்பட்டாவில் மாலைக்குள் படிந்துவிடும் செம்மண் நிறத் தூசி. கம்பெனி வேனில் கடைசி சீட்டுக்கு நடக்கும் சண்டை. பொன்னேரிக்கு முன்னால் காரணமே இல்லாமல் நின்றுவிடும் லோக்கல் ரயில், அதில் யாரோ ஒரு அக்கா திறக்கும் எலுமிச்சைச் சாத டப்பா. புலம்பெயர்ந்த மற்றவர்களும் இப்படி எதையாவது வைத்திருப்பீர்கள். அழகில்லாதது என்பதால் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் நெல் நிலத்திலிருந்து பார்த்தால் அந்த ஆலைகளின் புகைபோக்கிகள் தெரியும். என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திர எல்லைக்குப் பக்கத்து ஊர் என்பதால் அந்தச் சொல் எப்படியோ எங்கள் வீட்டுக்குள் வந்து தங்கிவிட்டது. கதிர் பால் பிடிக்கும் நாட்களில் சில்லைக் குருவிகள் மேகம் மாதிரி வந்து இறங்கும். நைனா வரப்பில் நின்று ஒரு குரல் கொடுப்பார். "ஹோஓஓய்" என்று தொடங்கி நாக்கு மடங்கி "டுர்ர்ர்" என்று முடியும். ஒரே குரலில் மொத்தக் கூட்டமும் எழுந்து பக்கத்து நிலத்துக்குப் போய்விடும். பக்கத்து நிலத்துக்காரர் அங்கிருந்து நைனாவைத் திட்டுவார். பதிலுக்கு அவரும் ஒரு குரல் கொடுக்க, குருவிகள் எங்களிடமே திரும்பி வரும். சனிக்கிழமைகளில் நான் பாலிடெக்னிக் புத்தகத்தோடு உட்கார்ந்து இந்தப் பந்தாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் அதே நைனா ஏரிக்கரைமேல் ஏறிவிட்டால் குரலைத் தாழ்த்திவிடுவார். ஏரிக்கு நடுவில் கருவேல மரங்கள் அடர்ந்த ஒரு மண்மேடு உண்டு. தண்ணீருக்கு நடுவில் இருப்பதால் அதை ஏரித் திட்டு என்போம். மழைக்குப் பிறகு நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் அங்கே கூடு கட்டும். அவை குஞ்சு பொரித்துப் பறந்துபோகும்வரை அந்தப் பக்கம் வெடி போடக் கூடாது, மேளம் அடிக்கக் கூடாது, சத்தமாகச் சண்டைகூடப் போடக் கூடாது. யாரும் பலகை வைத்ததில்லை. கரைக்கு இந்தப் பக்கம் நெல்லைத் தின்ன வருகிற பறவை, அந்தப் பக்கம் குஞ்சு வளர்க்க வந்த பறவை. ஒரு கரை தூரத்தில் சட்டமே மாறிவிடும். எனக்கு அதில் வியப்பு எதுவும் இருந்ததில்லை, இங்கே வந்து கூம்புகளைப் பார்க்கும்வரை.

கூம்புகளைப் பற்றி விசாரிக்கப் போய்த்தான் எனக்கு மோராக் அறிமுகமானாள். துறைமுகத்திலிருந்து பார்த்தால் தெரியும் ஒரு பாறைத் தீவுக்கு அவள் காவலர். மரம் கிடையாது, மண்ணும் கொஞ்சம்தான். ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்குள் அடங்கிவிடும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது, அவளும்தான். வாரம் ஒருமுறை படகில் சுற்றி வந்து தூரத்திலிருந்து எண்ணுவாள். பக்கத்தில் உள்ள இன்னொரு பாறையில் சூரிய மின்சாரத்தில் ஓடும் கேமரா ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். அது அடிக்கடி படுத்துவிடும். அதைப் பார்த்துக்கொள்ளச் சனிக்கிழமைகளில் நான் சம்பளமில்லாமல் அவளோடு போகிறேன். அந்தத் தீவில் முன்பு ஆலாக்கள் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டனவாம். ஆலா என்பது கறுப்புத் தொப்பி போட்டதுபோன்ற தலையும் கத்தரிக்கோல் போன்ற வாலும் கொண்ட வெள்ளைக் கடல் பறவை. பிறகு எலி வந்தது, ஆலா வரவில்லை. எலியை ஒழித்த பிறகும் பல வருடங்கள் பாறை காலியாகவே கிடந்தது. மோராக் மரத்தில் செய்த பொம்மை ஆலாக்களை நிறுத்தி, ஒலிபெருக்கியில் அவற்றின் குரலை ஓடவிட்டு, காத்திருந்தாள். போன வருடம் சில ஜோடிகள் வந்து பார்த்துவிட்டுப் போயின. இந்த வருடம் பாறை வெள்ளையாகிவிட்டது. "முட்டையிட்ட தொடக்கத்தில் ஒருமுறை நன்றாகப் பயந்தால் மொத்தமும் கிளம்பிவிடும். அப்புறம் நான் உயிரோடு இருக்கும்வரை வருமா தெரியாது" என்று அவள் சொல்லியிருந்தாள். அவளுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது.

ஆலாக்கள் முட்டையிட்ட அந்த மாதம்தான் நைனா என்னைப் பார்க்க வந்திருந்தார். அம்மா வரவில்லை. "மாட்ட யாரு பாப்பாங்க? உங்க நைனாவ அனுப்புறேன், அவர வச்சிக்கினு மாடு படற பேஜாரு கொறையட்டும்" என்றாள் போனில். நைனாவுக்கு இங்கே எதுவும் பிடிபடவில்லை. பொழுது சாயாத மாலைகளில் சன்னலருகே உட்கார்ந்து, "இவங்க எப்ப தூங்குவாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடலில் ஒரு பாறைத் திட்டுக்குப் போகிறேன், பறவை கூடு கட்டுகிற இடம், நீயும் வருகிறாயா என்று கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"திட்டா? நம்ம ஏரித் திட்டு மாதிரியா?"

"அதே மாதிரிதான் நைனா. மரம் மட்டும் இல்ல. சத்தம் போடக் கூடாது."

"எனுக்கே சொல்லித் தர்றியா நீ?"

செய்தி அம்மாவுக்குப் போனது. "த பாரு, திட்டுக்குப் போறேன்னு போயி அந்த ஊர்க்காரங்ககிட்ட திட்டு வாங்கிக்கினு வராத" என்று வீடியோவில் சொல்லிச் சிரித்தாள்.

சனிக்கிழமை கடல் அமைதியாக இருந்தது. உயிர்காக்கும் அங்கியை மாட்டியதும், "இன்னாடி, நெல்லு மூட்டையக் கட்டன மாதிரி கட்டிட்ட" என்றார் நைனா. மோராக் அவர் கையைக் குலுக்கி, தீவைக் காட்டி, முக்கியமான ஒன்றைச் சொல்பவளாகக் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "எக்ஸ்." அவை முட்டைமேல் இருக்கின்றன என்கிறாள். நைனாவுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களில் அதுவும் ஒன்று. மரியாதையாகக் கை கூப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கு சனிக்கெழம, நா முட்டை துன்ன மாட்டேன்னு சொல்லிடு. கோச்சிக்கப் போறாங்க."

நான் சொல்லவில்லை. சிரிப்பை அடக்கவே சரியாக இருந்தது. அவர் கை கூப்பியதை மோராக் உறுதிமொழி என்று எடுத்துக்கொண்டாள்.

தீவை நெருங்க நெருங்க இரைச்சல் ஏறியது. பாறையெங்கும் அமர்ந்திருந்த ஆலாக்கள் ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருந்தன. மோராக் எஞ்சினைத் தணித்து எண்ணத் தொடங்கினாள். நைனா ஏரிக்கரையில் நிற்பதுபோலவே நின்றார், வாயைத் திறக்காமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. அப்போது பெரிய கடற்காகம் ஒன்று பாறை விளிம்பில் இறங்கியது. முதுகு கறுப்பு, உடம்பு ஒரு வாத்து அளவு. இரண்டு எட்டு வைத்து, ஒரு கூட்டின்மேல் தலையைச் சாய்த்துப் பார்த்தது. நைனாவின் கை பின்னாலிருந்து முன்னால் வந்ததை நான் கண்டேன். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் படகில் எனக்கு மட்டும்தான் தெரியும். தடுக்க நேரமில்லை.

"ஹோஓஓய்! டுர்ர்ர்ர்!"

கடற்காகம் போயிற்று. அதோடு எல்லாமே போயின. பாறையை யாரோ உதறியதுபோல ஆலாக்கள் மொத்தமாக எழுந்தன. அதைவிட மோசம், கத்துவதை நிறுத்திவிட்டன. வெள்ளைக் கூட்டம் சத்தமே இல்லாமல் தாழப் பறந்து கடல்பக்கம் போனது. பாறை வெறும் பாறையாக, முட்டைகளோடு கிடந்தது. மோராக் எஞ்சினை அணைத்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் பைனாகுலரை மடியில் வைத்துவிட்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"நா அத்தத்தான்டி வெரட்னேன்" என்றார் நைனா, காற்றோடு காற்றாக. "அந்தக் கறுப்பன. இதுங்கள இல்ல. இதுங்களுக்கு நா இன்னா பண்ணேன்?"

"பேசாத நைனா."

"வந்துடுமா?"

"தெரில."

கறுப்பு முதுகுக்காரன் திரும்பி வந்தான். கூடவே இன்னொன்று. இப்போது விரட்ட யாரும் இல்லை. நாங்கள் குரல் கொடுத்தால் வெளியே போனவை இன்னும் விலகிப் போகும். கொடுக்காவிட்டால் முட்டை போகும். ஒன்று போவதை மூவரும் பார்த்தோம். அலகில் கவ்வி, பாறையில் தட்டி, ஒரே விழுங்கு. நைனா தன் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தொண்டை அசைவது தெரிந்தது. எத்தனை அறுவடைகளாக அந்தத் தொண்டை செய்துவந்த வேலை, அதை அவர் விழுங்கிக்கொண்டிருந்தார்.

முதலில் வந்தது ஒரே ஒரு ஆலா. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. செங்குத்தாக விழுந்து கடற்காகத்தின் உச்சந்தலையில் ஒரு குத்து. அப்புறம் இன்னொன்று. பிறகு கடல்பக்கமிருந்து அந்த இரைச்சல் திரும்பி வரத் தொடங்கியது. மெல்லியதாக, பிறகு எங்கள் தலைக்குமேல் காது அடைக்கும்படியாக. கறுப்பு முதுகுக்காரர்கள் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடினார்கள். ஆலாக்கள் ஒவ்வொன்றாக இறங்கி, தத்தம் இடம் எது என்று அக்கம்பக்கத்தோடு சண்டை போட்டு, வயிற்றை ஆட்டி ஆட்டி முட்டைமேல் உட்கார்ந்தன.

"ஷிப்டு உட்ட மாதிரி கீதுடி" என்றார் நைனா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நம்ம சிப்காட் கேட்டுல."

அப்படியேதான் இருந்தது. சங்கு ஊதியதும் தொழிற்சாலை வாசலில் வேனுக்கும் டீக்கும் முண்டியடிக்கும் கூட்டம். இத்தனை வருடத்தில் இங்கே நான் ஒருநாளும் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை என்று நினைத்திருந்தேன். இந்த வருடம் சனிக்கிழமைதோறும் கேட்டிருக்கிறேன், நைனா சொல்லித்தான் அடையாளம் தெரிந்தது.

மோராக் பைனாகுலரை எடுத்து மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். முடித்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் படகைத் திருப்பினாள். துறைமுகச் சுவரை நெருங்கும்போது நைனாவைப் பார்த்து, "குட் லங்ஸ்" என்றாள்.

"இன்னா சொல்றாங்க?"

"உன் நுரையீரல் நல்லா இருக்காம்."

"பீடி உட்டு ரொம்ப வருசம் ஆச்சுன்னு சொல்லு" என்றார். இதை மொழிபெயர்த்தேன். மோராக் சிரித்தாள் என்று எழுத ஆசைதான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஆனால் படகிலிருந்து இறங்க அவருக்குக் கை கொடுத்தாள்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது நைனா சமையலறையில் இருந்தார். நாஷ்டாவுக்கு அவரே இட்லி ஊற்றி, ஆறட்டும் என்று தட்டைத் திறந்த சன்னலின் விளிம்பில் வைத்திருந்தார். சாம்பல் முதுகுக் கடற்காகம் ஒன்று கூரையிலிருந்து இறங்கி, தட்டின் மறுபக்கம் வந்து நின்றது. நைனாவின் கை தன்னால் மேலே போயிற்று. வாயும் திறந்தது. அப்படியே நின்று, கழுத்தை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"இங்க வெரட்டலாமா?"

வாடகை ஒப்பந்தம், விசா, வரி எண் எல்லாம் என் பெயரில் இருக்கிற வீடு அது. நான் யோசித்தேன். முட்டைக் காலம்தான். கூரையில் கூடு இருக்கலாம். கீழ்வீட்டுக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று நான் பார்த்ததே இல்லை.

"இத்தன வருசமா இங்க கீற, உனுக்கே தெரியாதா?"

"தெரில நைனா."

அவர் கை இறங்கவில்லை. என் கையும் எப்போது உயர்ந்தது என்று நான் கவனிக்கவில்லை. கடற்காகம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நடுவில் இருந்த இட்லியைப் பொறுமையாகப் பிட்டுத் தின்னத் தொடங்கியது.