வூட்டுக்கு விட்ட ரெண்டு வரிசை

புருஷன் நல்லதம்பி சோற்றை முகர்ந்து பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்துதான் கமலவேணியைச் சனி பிடித்தது. தட்டைத் தூக்குவான், மூக்கைச் சுளிப்பான், "மருந்து வாசம் வருது" என்று தள்ளி வைத்துவிடுவான். மூன்று தண்ணீரில் அலசி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அவள் ஆக்கிய கத்தரிக்காய்க் குழம்பு அப்படியே ஆறிப்போகும்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், நான் அடுத்த வீடு. பெரம்பலூரில் எங்கள் தெருவில் ரெண்டு வீட்டுக்கு ஒரு நடுச்சுவர்தான். அவள் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும். தபால் ஆபீசில் முத்திரை குத்துகிற எனக்கு, அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடக் கூடாது என்கிற நல்ல புத்தி கிடையாது.

நல்லதம்பி பத்து வருஷமாகப் பருத்திக்கும் காய்கறிக்கும் பூச்சி மருந்தடிக்கிற ஆள். முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு பொழுதுக்குள் பதினைந்து டேங்கு அடிப்பான். மூக்கில் துண்டைக் கட்டேன்டா என்றால், "மூச்சு முட்டுதுக்கா" என்பான். அந்தத் திமிருக்கு 2003 ஐப்பசியில் கூலி கிடைத்தது. குன்னம் பக்கம் மருதாயி என்கிற அம்மாவின் பருத்திக் கொல்லையில் மருந்தடித்துக்கொண்டிருந்தவன், வாயில் நுரை தள்ளி விழுந்தான். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தான். பிழைத்து வந்தபோது தெருவே சேர்ந்து மாவிளக்குப் போட்டோம்.

ஆனால் வந்தவன் சாப்பிடவில்லை. கம்பங்கூழ் மட்டும் உள்ளே போனது. "கம்புக்கு எவனும் மருந்தடிக்க மாட்டான்" என்பது அவன் கணக்கு. அதையும் அரைச் சொம்புக்கு மேல் குடிக்க மாட்டான். கார்த்திகை முடிவதற்குள் கைலி இடுப்பில் நிற்காமல் அரைஞாண் கயிற்றில் செருகிக்கொண்டு நடந்தான். டாக்டர் கமலவேணியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "மருந்தெல்லாம் உடம்ப வுட்டுப் போயிடுச்சும்மா. இப்ப அவருக்கு வேணுங்கிறது சோறுதான். இப்படியே கெடந்தா தாங்க மாட்டாரு."

அவன் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. ஊருக்கெல்லாம் தெளித்தபோது வராத பயம் இப்போது எங்கிருந்து வந்தது? கமலவேணி கோபப்படவில்லை. மருந்தடிக்காத காயாகத் தேடி வாங்கிப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். தையல் கடையில் காஜா எடுக்கிறவள். அவள் சம்பளம் ஒன்றில்தான் குடும்பம் ஓடியது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முத்துசாமி என்று ஒரு காய்கறிக்காரர் இருந்தார். தள்ளுவண்டியில் ஒரு சிலேட்டு தொங்கும். 'மருந்தடிக்காத காய்' என்று சாக்பீசில் எழுதியிருக்கும். சந்தையில் கிலோ ஆறு ரூபாய் விற்கிற கத்தரிக்காய் அவரிடம் பதினாலு. ஒவ்வொன்றிலும் ஓட்டை. "ஓட்டையப் பாத்துக்கிட்டீங்களா? மருந்து இருந்தா புழு தொடுமா?" என்பார். நாங்களும் தலையாட்டினோம். நாங்களும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், கமலவேணியைப் பார்த்து நானும் அரைக் கிலோ வாங்கினேன். நல்ல காயை ஒதுக்கிவிட்டுச் சொத்தைக் காயாகப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தோம். நினைத்தால் இப்போதும் மானம் போகிறது.

பதினாலு ரூபாய்க் கத்தரிக்காய் வீட்டுக்குள் வந்ததும் மற்றதெல்லாம் வெளியே போனது. எண்ணெய் லிட்டர் அரை லிட்டரானது. டீக்குப் பால் நின்றது. மூன்றாவது படிக்கிற மகள் தேவயானி, "ரசத்துல பருப்பக் காணுமேம்மா" என்று கேட்டு அடி வாங்கினாள். அடித்துவிட்டுக் கமலவேணியே அழுதாள். இவ்வளவும் செய்து ஆறு வாரம் ஆகியும் அவன் தட்டைத் தள்ளுவதை நிறுத்தவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. நறுக்காத கத்தரிக்காய் ஒன்றை அவன் முன்னால் வைத்து, "நீங்களே பாருங்க. இதுக்கு மருந்தடிச்சிருந்தா இம்மாம் புழு இருக்குமா?" என்றாள். இரவல் வாங்கிய சொம்பைத் திருப்பிக் கொடுக்கப் போன நான் வாசற்படியில் நின்றேன்.

அவன் காயைப் பிட்டான். உள்ளே புழு நெளிந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தான். பார்க்கச் சகிக்காத சிரிப்பு.

"கமலம், இது மருந்துலயே வளந்த புழு. காய்க்குள்ள போயி உக்காந்துட்டா, மேல எத்தினி டேங்கு அடிச்சாலும் சாவாது. ஓட்டை வுழுந்துட்டா இன்னும் ரெண்டு மூடி மருந்து சேத்து அடிடாம்பாங்க. ஓட்டைக் காய்தான் நெறைய மருந்து குடிச்ச காய். அடிச்சவன் நான் சொல்றேன்."

கமலவேணி அந்தக் காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வாரத்து எண்ணெயும் பாலும் பருப்பும் அதில் இருந்தன. பிறகு வெடித்தாள்.

"அப்ப நீங்க மருந்தடிச்ச கொல்லைக்காரவங்கல்லாம் என்னாத்தத் தின்னாங்க? அவங்க வூட்ல ஒலையே வைக்கலியா? அவங்களுக்கெல்லாம் புள்ளகுட்டி இல்லியா?"

"அவங்களுக்கென்னா" என்றான் அவன். "வாய்க்கா ஓரமா வூட்டுக்குன்னு ரெண்டு வரிசை வுட்டுருவாங்க. அங்க ஒரு குச்சி நட்டு, துணி கட்டியிருக்கும். குச்சிகிட்ட வந்தா பம்ப நிறுத்திட்டுத் திரும்பிரணும். எல்லாக் கொல்லையிலயும் அதான் வழக்கம்."

"பத்து வருசமா இது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அது விக்கிற காய் இல்ல கமலம். யாரும் தரமாட்டாங்க."

மறுநாள் தபால் ஆபீசுக்குப் போகும் வழியில் முத்துசாமியிடம் சண்டைக்குப் போனேன். "காய் குடுத்தவன் அப்படித்தாம்மா சொன்னான்" என்றார். சிலேட்டை மட்டும் திருப்பி வைத்தார். கமலவேணி சண்டைக்கெல்லாம் வரவில்லை. தையல் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் குன்னம் பஸ் ஏறியிருந்தாள். புருஷன் விழுந்த கொல்லைக்கே போய் நின்றிருக்கிறாள்.

அவளைப் பார்த்ததும் மருதாயி நடுங்கிவிட்டாளாம். நஷ்டஈடு கேட்டுப் பிராது கொடுக்க வந்துவிட்டாள் என்று நினைத்து, "நான் மூஞ்சியக் கட்டிக்கடான்னு சொன்னேம்மா, கேக்கல" என்று அழவே ஆரம்பித்துவிட்டாளாம். கமலவேணி கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, சண்டைக்கு வரல. ஒங்க வூட்டு வரிசையில எனக்குக் கொஞ்சம் காய் வேணும். காசு தரேன்" என்றிருக்கிறாள்.

"வூட்டு வரிசைக் காய விக்கிற பழக்கமில்ல சாமி" என்றாளாம் மருதாயி. வாய்க்கால் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வரிசையில ஒண்ண நீ வச்சிக்க. வாரம் ஒருக்கா வந்து நீயே பறிச்சிக்க. எனக்குக் காசு வேணாம்" என்றாளாம்.

சும்மா வாங்க இவள் ஒப்பவில்லை. கடைசியில், வியாபாரி கிலோவுக்கு மருதாயியிடம் கொடுக்கிற நாலு ரூபாயையே இவளும் கொடுப்பது என்று முடிவானது. சந்தை விலையை விடக் குறைச்சல். பஸ் செலவு சேர்ந்தும் மளிகைக் காசில் கை வைக்க வேண்டாம். அன்றைக்குச் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் டீ கொதித்தது. பால் வாசம் எனக்கு வந்தது.

ஆனால் பறித்து வந்த காயை நல்லதம்பி தொடவில்லை. "நீ சொல்றே. எனக்குத் தெரியணுமே" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கூடையை அவன் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். கமலவேணி சாதாரணமாகச் சொன்னாள்: "சரி, வந்து பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பினோம். அவன், அவள், தேவயானி, அழைக்காமலே நான். கொல்லை வந்ததும் அவன் உள்ளே இறங்கவில்லை. வரப்பிலேயே நின்று காற்றை முகர்ந்தான். பருத்தி முடிந்து, காய்ந்த செடி வெறும் மாராகத்தான் நின்றது. தாண்டினால் கத்தரி, அதற்கப்புறம் வாய்க்கால் ஓரம் ஒரு குச்சி. குச்சியில் நீலக் கட்டம் போட்ட துணி. குச்சிக்கு அந்தப் பக்கம் ரெண்டே வரிசை: ஒன்றில் கத்தரி, ஒன்றில் வெண்டை.

அவன் நேராகக் குச்சியிடம் போனான். துணியைத் தொட்டான்.

"இது என் கைலி" என்றான். "ஆடியில நான்தான் கிழிச்சிக் கட்டுனேன்."

"நீ கட்டுனதுதான் தம்பி" என்றாள் மருதாயி. "அதுக்கப்புறம் வேற ஆளு வந்து அடிச்சான். இந்தத் துணியத் தாண்டி ஒரு சொட்டு வுட்டதில்ல. நான் கூடவே நின்னேன்."

நல்லதம்பி குச்சியைப் பார்த்தான். டேங்கோடு எத்தனை தடவை அங்கே வந்து நின்று திரும்பியிருப்பானோ. இந்தத் தடவை திரும்பவில்லை. தாண்டிப் போனான். ஒரு பிஞ்சு வெண்டைக்காயைக் கிள்ளினான். முகர்ந்தான். கடித்தான்.

மென்று முழுங்கிவிட்டு இன்னொன்று கிள்ளினான். அதற்கப்புறம் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். கமலவேணி வரப்பில் அப்படியே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு வீடு திரும்பினோம். எனக்குச் சமைக்கத் தோன்றவில்லை. நடுச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். தாளிக்கிற சத்தம் வந்தது. தட்டு வைக்கிற சத்தம் வந்தது. தள்ளுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. "இன்னும் கொஞ்சம் போடு" என்று அவன் குரல் கேட்டது. பிறகு மறுபடியும் அதே குரல், அதே வார்த்தை. கடைசியில் கரண்டி சட்டியைச் சுரண்டியது.

"அம்மா, ஒனக்குக் கொழம்பே இல்லியே" என்றாள் தேவயானி.

"இல்லாட்டிப் போவுதுடி" என்றாள் கமலவேணி. "போயி அத்தை வூட்ல ஊறுகா வாங்கிட்டு வா. எனக்குப் பசிக்குது."