அந்த வரியைச் சேர்த்தது நான்தான்

கிரேஸ் செல்லத்தாய் இறந்த செய்தி எனக்கு ஒரு விளம்பரமாக வந்தது. சங்கரன்கோவிலில் எங்கள் பத்திரிகைக்குச் செய்தி எழுதுவதோடு, இரங்கல் விளம்பரங்களை வாங்கி அனுப்புவதும் என் வேலைதான். போன வாரம் ஒரு நாள் காலையில் அவருடைய தம்பி ஜெயசிங் கையில் ஒரு போட்டோவோடு வாசலில் நின்றார். "அக்கா நேத்து சாயங்காலம் தவறிட்டா, அண்ணாச்சி" என்றார். புற்றுநோய் என்று தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை. எழுதிக் கொண்டு வந்திருந்த தாளில் பெயருக்குக் கீழே 'கம்ப்யூட்டர் மேதை' என்று இருந்தது. நான் அதை அடித்தேன். "அவ இருந்தா அவளே அடிச்சிருப்பா" என்று சொல்லிவிட்டு ஜெயசிங் அழத் தொடங்கினார்.

இதைப் படிப்பவர்களில் பலருக்கு அவரை ஊருக்கு வெளியே இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் பார்த்த நினைவிருக்கும். சென்னையில் ஒரு பெரிய அலுவலகத்தில் அட்டையில் துளை போட்டுக் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவர். தாயாருக்குப் பக்கவாதம் வந்ததும் ஊருக்குத் திரும்பினார். ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டு நன்கொடையாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதைத் தொட ஊரில் அவரை விட்டால் ஆள் இல்லை. அதைப் பற்றிச் செய்தி எழுத நான் போன அன்று கம்பவுண்டர் அவரைச் சீண்டிக்கொண்டிருந்தார்.

"டைப் அடிக்கிற டிவியாக்கும் இது? ஞாயித்துக்கிழம படம் போடுவியா, கிரேஸு?"

"போடலாம் அண்ணே. நீங்க லீவு போட்டுட்டு எங்கன போனீங்கங்கிற படம் முதல்ல ஓடும்."

அந்த இயந்திரத்தில் அவர் எழுதிய முக்கியமான புரோகிராம் காசநோய்ப் பிரிவுக்கானது. நோயாளிகள் மாதாமாதம் வந்து மாத்திரை வாங்க வேண்டும். இருமல் நின்றதும் பலர் வருவதை நிறுத்திவிடுவார்கள். அப்படி நின்றவர்களைக் கண்டுபிடித்து, 'உடனே வரவும்' என்ற கார்டில் விலாசம் அடித்துத் தருவதுதான் அந்தப் புரோகிராமின் வேலை. கார்டைப் பார்த்துத் திரும்பி வந்து பிழைத்தவர்கள் இந்தத் தாலுகாவில் இன்றும் நடமாடுகிறார்கள்.

ஓராண்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் கம்பெனி, புரோகிராம் எழுதும் மொழியின் புதிய பதிப்பை ஒரு பிளாப்பியில் அனுப்பியது. புதிய முறையில் எழுதினால் புரோகிராம் ஏறக்குறைய சாதாரண வாக்கியம் மாதிரி இருக்கும். ஆனால் அது தானாக வேலை செய்யாது. புரோகிராமின் தலையில் ஒரு வரி சேர்த்தால்தான் புதிய முறை திறக்கும். சேர்க்காவிட்டால் எல்லாம் பழையபடி ஓடும். தான் இல்லாத நாளிலும் நர்சுகள் படித்துப் புரிந்துகொள்ளும்படி மெல்ல மெல்ல மாற்றி எழுதலாம் என்று கிரேஸ் அந்த வரியைச் சேர்த்தார். அந்தப் பிரதி அதே கம்ப்யூட்டர் இருந்த வேறு இரண்டு ஊர் ஆஸ்பத்திரிகளுக்கும் போயிற்று.

சில மாதங்கள் கழித்து, இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து பேச்சியம்மாள் என்ற பெண் ஆஸ்பத்திரி வாசலில் வந்து கூப்பாடு போட்டார். அவருடைய கணவர் மாடசாமி ரத்தம் கக்கி இறந்திருந்தார். தகவல் கிடைத்து நான் போனபோதும் பேச்சியம்மாள் ஓயவில்லை.

"அடுத்த வீட்டு சம்முகத்துக்கு கார்டு வந்துட்டு. அவன் எந்திரிச்சி வந்துட்டான். எங்க வீட்டுக்கு ஏன் வரல? அவுகளுக்கு மட்டும் ஏன் போடல?"

கிரேஸ் எழுந்து கம்ப்யூட்டர் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். மாடசாமியின் விவரத்தைக் கொடுத்து ஓட்டினார், கார்டு வரவில்லை. தலையில் இருந்த அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு ஓட்டினார், கார்டு வந்தது. மறுபடி வரியைச் சேர்த்தார். வரவில்லை.

எனக்குப் புரியும்படி அவர் சொன்னது இதுதான். நோயாளி எத்தனை தடவை திரும்பி வந்தாரோ, இயந்திரம் அத்தனை சுற்றுச் சுற்றிப் பார்க்கும். பழைய முறையில், ஒரு சுற்றாவது போய்விட்டுத்தான் நிறுத்தலாமா என்று யோசிக்கும். புதிய முறையில் முதலிலேயே யோசிக்கும்; சுற்ற ஒன்றுமில்லை என்றால் அந்தப் பெயரைத் தாண்டிவிடும். சண்முகம் இரண்டு தடவை வந்து நின்றவர். மாடசாமி முதல் மாத்திரையோடு போனவர், ஒரு தடவைகூடத் திரும்பி வரவில்லை. யாருக்குக் கார்டு முதலில் போயிருக்க வேண்டுமோ, அவர்களுக்கெல்லாம் போகவில்லை.

"கம்பெனிக்காரன் கதவை மூடித்தான் வச்சிருந்தான், அண்ணாச்சி. பழசு கெட்டுறக் கூடாதுன்னுதான் மூடி வச்சிருந்தான். நான்தான் தெறந்தேன். தெறந்துட்டு சம்முகம் மாதிரி ஆளுகள வச்சி மட்டும் சோதிச்சிப் பாத்தேன். இப்படியே எழுதுங்க."

"ஏம்மா, உன் வேலை போயிரும்லா?"

"போகட்டும். மெஷின் கோளாறுன்னு எழுதுனா ரிப்பேர்க்காரனக் கூப்பிடுவாவ. அவன் வந்து தொடச்சிட்டுப் போவான். அந்த ரெண்டு ஊர்லயும் கார்டு அப்பவும் போகாது."

நான் அவர் சொன்னபடியே எழுதி அனுப்பினேன். ஆஸ்பத்திரி நிர்வாகம் எங்கள் பத்திரிகையின் மதுரை அலுவலகத்தோடு பேசியிருக்க வேண்டும். 'கம்ப்யூட்டர் கோளாறு: நோயாளி சாவு' என்று தலைப்பிட்டு, கிரேஸ் சொன்னதில் ஒரு எழுத்துகூட இல்லாமல் செய்தி வந்தது. பத்திரிகையோடு அவர் என் வீட்டுக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்த ரெண்டு ஊருக்கும் பஸ் எப்பம்?" என்று மட்டும் கேட்டார். மற்ற ஆஸ்பத்திரிகளுக்கு எதுவும் எழுதக் கூடாது என்று நிர்வாகம் அவருக்கு உத்தரவு போட்டிருந்தது. போகக் கூடாது என்று சொல்லவில்லை.

முதல் ஊரில் விஷயத்தைக் கேட்டதுமே வரியை எடுத்துவிட்டார்கள். இரண்டாவது ஊரில் குமாஸ்தா சிரித்தாராம். "உங்க மெஷின்தான கெட்டுப்போச்சி? பேப்பர்ல பாத்தோம். எங்க மெஷின் ஜோரா ஓடுது, தாயி." டாக்டர் வரும்வரை கிரேஸ் அங்கே வராந்தாவில் உட்கார்ந்திருந்து, அவரிடம் ஓட்டிக் காட்டி, வரியை எடுத்துவிட்டுத்தான் வந்தார். அதற்குள் அந்த ஊரில் யார் யாருக்குக் கார்டு போகாமல் போயிற்று, அவர்கள் என்ன ஆனார்கள் என்பது எனக்குத் தெரியாது. நானே அங்கே போய்க் கேட்டேன், ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை.

பிறகு அவர் மாடசாமி வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். நானும் கூடப் போனேன். பேச்சியம்மாள் எங்களை உட்காரச் சொல்லவில்லை. கிரேஸ் நின்றபடியே, அந்த வரியைச் சேர்த்தது தான்தான் என்று சொன்னார்.

"மெஷினுன்னுலா சொன்னாவ?"

"இல்லக்கா. நான்தான்."

பேச்சியம்மாள் குனிந்து, முற்றத்துக் கரிசல் மண்ணை இரண்டு கையாலும் வாரி அவர்மேல் வீசினார். "நீ வெளங்குவியா? உன் கை வெளங்குமா?" என்று சொல்லிச் சொல்லி வீசினார். தடுக்கப் போன என்னைக் கிரேஸ் கையால் நிறுத்தினார். தலையிலும் வெள்ளைச் சேலையிலும் மண் விழ, பேச்சியம்மாள் களைத்துத் தரையில் உட்காரும்வரை அப்படியே நின்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் மண்ணைத் தட்டிவிடவில்லை. "மெஷின் மேல மண்ண வாரித் தூத்த முடியாதுல்லா, அண்ணாச்சி. அந்தப் பொம்பள யார் மேல தூத்துவா?" என்றார்.

வேலை போயிற்று. அதன்பின் வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். கார்டு போகாமல் விடுபட்டவர்களின் பெயர்கள் அவருக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் ஒவ்வொரு வீடாகப் போனார். சிலர் இருந்தார்கள். சில வீடுகளில் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது.

அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். ஜெபம் முடிந்து எல்லோரும் குழியில் மண் போட்டார்கள். கடைசியாகக் கூட்டத்தின் பின்னாலிருந்து பேச்சியம்மாள் வந்தார். தான் இறந்தால் அவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று கிரேஸ் முன்பே தம்பியிடம் சொல்லிவைத்திருந்தாராம். பேச்சியம்மாள் ஒரு கை மண் எடுத்தார். உடனே போடவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு போட்டார். நேராகப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பு. அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

கிரேஸிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பழைய முறையைத்தான். நிறுத்தலாமா என்று யோசிக்கும் முன் ஒரு தடவை போய்விடுகிறேன். கோளாறு என்று எவராவது செய்தி சொன்னால், அந்த வரியைச் சேர்த்தது யார் என்று கேட்கிறேன். நான்தான் என்று பதில் சொன்ன ஒருவரை அதன்பின் நான் சந்திக்கவில்லை.