போட்ட மைக்கை அணைப்பதில்லை

மைக் செட் தொழிலில் ஆம்ப்ளிஃபயரைத் தூக்குவது கஷ்டமில்லை. அதை அணைக்கச் சொல்லிக் காதருகே வருகிறவனைச் சமாளிப்பதுதான் கஷ்டம். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களும் கூட்டங்களில் உட்கார்ந்து முதுகு வலித்தவர்கள்தானே, புரியும்.

எனக்கு ஒரே நிபந்தனை. மைக் ஒருவர் கைக்குப் போனால், அவர் முடிக்கிறவரை அணைக்க மாட்டேன். அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள், தனக்குப் பிடிக்காத பேச்சு வருகிறவரை.

துறைமுக வாசலில்

ஆளைக் குறைக்கிற புது மெஷின் வருகிறது என்று தொழிலாளர் சங்கம் வாசல் கூட்டம் போட்டது. எல்லோரும் மெஷினைத் திட்டினார்கள். கன்டெய்னரில் சரக்கு ஏற்றும் மரியதாஸ் மட்டும் ஏறி, "மெஷின் வரட்டும். ஆளைக் குறைக்காத, அதை ஓட்ட எங்களுக்குப் படிச்சுக் குடுன்னு கேப்போம். என் இடுப்பு இன்னும் எத்தனை வருசம் தாங்கும்?" என்றான்.

"எறங்குலே" என்று கூச்சல். செயலாளர் என்னைப் பார்த்துத் தண்ணீர்க் குழாயை மூடுவதுபோல் கையைத் திருகினார். நான் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரியதாஸ் முடித்துவிட்டு இறங்கினான். உட்கார யாரும் இடம் விடவில்லை, நின்றபடியே இருந்தான். கூட்டம் கலைந்தபின், வயர் சுருட்டிக்கொண்டிருந்த என்னிடம் செயலாளர் வந்தார்.

"அவன் பேச்சைக் கேட்டு பாதிப்பேரு யோசிக்கான் அண்ணாச்சி. இனி நானும்லா யோசிக்கணும்."

நின்றது ஃபேன்

கடற்கரை ஊர் ஒன்றில் ஊர்க்கூட்டம். அங்கே ஆண்கள் பேசுவார்கள், பெண்கள் ஓரமாக நின்று கேட்பார்கள். அதுதான் வழக்கம். அன்றைக்கு மீன் விற்கிற செல்வராணி விறுவிறுவென்று வந்து மைக்கைப் பிடித்தாள்.

"கமிட்டியில எங்களுக்கும் எடம் வேணும். கடலுக்குப் போறவந்தான் பேசணும்னா, இங்கன உக்காந்திருக்கதுல பாதிப்பேரு கடலுக்குப் போயி எத்தனை காலம் ஆச்சு?"

கமிட்டித் தலைவர் என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. உடனே அவர் ஆள் ஒருத்தன் மேடைக்குப் பின்னால் ஓடி, கையில் கிடைத்த பிளக்கைப் பிடுங்கினான். தலைவருக்கு மேலே ஓடிய ஃபேன் நின்றது. மைக் நிற்கவில்லை. வெயில் வேறு. தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். இறங்கும்போது செல்வராணி அந்த ஆளிடம் சொன்னாள்:

"ஏலே, அவருக்குக் காத்தைப் போட்டு விடு. பதில் சொல்லணும்லா."

வேற ஆளைப் பாருங்க

அந்த ஊர்த் திருவிழாதான் எனக்கு வருஷத்தின் பெரிய வேலை. பத்து நாளும் என் செட்தான் பாடும். மறுவாரம் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மன்னிப்பு எல்லாம் வேண்டாமாம். "நாங்க கை காட்டினா அணைப்பேன்னு ஒரு வார்த்தை சொல்லும் வே, போதும். திருவிழா ஒமக்குத்தான்."

"வேற ஆளைப் பாருங்க" என்றேன். பார்த்துவிட்டார்கள். அந்த வருஷம் என் குழாய் ஸ்பீக்கர்கள் ஷெட்டிலேயே கிடந்தன. வீட்டில் திட்டு விழும் என்றுதான் இருந்தேன். பெண்டாட்டி ஊளி மீனைக் கழுவிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்:

"திருவிழா போனாப் போகட்டும். நீரு அணைச்சிருந்தீருன்னா எனக்கு எவ மீன் தருவா?"

என் கையைப் பார்த்தார்கள்

இது இந்த வருஷம். ஒரு காலனியில் குடியிருப்போர் கூட்டம். வைத்தது என் செட். நாசரேத்திலிருந்து வந்து குடியேறிய ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்தார். ஊருக்குப் பெரிய தொல்லை மைக் செட்தான், கோயிலோ கட்சியோ கல்யாணமோ, பொது இடத்தில் அது அடியோடு கூடாது என்றார். "அந்தா உட்கார்ந்திருக்காரே, அவரும் வேற வேலை பார்க்கட்டும்."

எல்லோரும் திரும்பினார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்கள். திருவிழா போனது ஒரு ஊரோடு. இவர் சொல்வது நடந்தால் தொழிலே போச்சு. மனுஷனுக்கோ மெல்லிய குரல். பின்னாலிருந்து ஒருத்தர், "சார், கேக்கலை" என்றார்.

கை வால்யூமுக்குப் போனது. கூட்டினேன். அவர் என்னைக் கிழிப்பது தெரு முனைவரை தெளிவாகக் கேட்டது. கைதட்டும் விழுந்தது. யார் பேச்சானால் என்ன, என் செட் கரகரக்காது. முடிந்ததும் வாத்தியார் நேரே என்னிடம் வந்தார். மன்னிப்புக் கேட்கவா என்றால், இல்லை.

"கலெக்டருக்கு மனு கொடுக்க அடுத்த கூட்டம் போடுகிறோம். நீங்கதான் மைக் வைக்கணும் அண்ணாச்சி. மத்தவன்னா நடுவுல அணைச்சிருவான்."

என் தொழிலை ஒழிக்கும் அந்தக் கூட்டத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் போதும் என்றார்கள். கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று நான் நாலு வைத்தேன்.