இருபத்தாறு கட்டில், இருபத்தாறு விதம்

முதியோர் இல்லத்து வேலை என்பது, ஒருவருக்கு என்ன வேண்டும் என்பதை அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் கேட்டு அறிகிற வேலை. அரியாலைப் பக்கம் உள்ள எங்கள் இல்லத்தில் ஒன்பது வருடமாக நான் இதைச் செய்து வருகிறேன். இருபத்தாறு பேர் இருக்கிறார்கள். இதே வேலையில் இருந்து முதுகு பிடித்துக்கொண்டவர்கள் யாராவது இதை வாசித்தால், கட்டிலில் சாய்ந்தபடியே வாசியுங்கள். நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

மீன்

அந்தோனிப்பிள்ளை ஐயா குருநகர்க்காரர். ஐம்பது வருடம் கடலுக்குப் போனவர். இல்லத்துக்கு வந்து மூன்றாம் நாளிலிருந்து சோற்றைப் பிசைவார், வைத்துவிடுவார். கவலை என்றார் எங்கள் பொறுப்பாளர் இந்திரா அக்கா. டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பசிக்கு ஒரு பாணி மருந்து எழுதினார். கன்னியாஸ்திரி ஒருவர் வந்து செபம் சொல்லிவிட்டுப் போனார். ஆள் மெலிந்து, காற்சட்டை இடுப்பில் நிற்காமல், கயிறு கட்டிவிடும் நிலைமைக்கு வந்துவிட்டோம். பத்தாம் நாள்தான் எனக்கு அவரிடமே கேட்கத் தோன்றியது.

"ஐயா, உங்களுக்கு என்ன சாப்பிட ஆசை?"

"மீன்."

"நேற்றும் மீன்தானே வைச்சனாங்கள்?"

"அதை நீங்கள் மீன் எண்டு சொல்லுறியள்" என்றார். கோபமாகக்கூட இல்லை.

மறுநாள் காலை ஓட்டோவில் ஏற்றிக் கொழும்புத்துறைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு மீனாகத் தூக்கிச் செவுளைத் திறந்து பார்த்தார், மணந்தார், கண்ணை அமத்தினார், பக்கத்தில் நின்ற சனத்துக்கும் கேட்கும்படியாக அது செத்த நேரத்தைச் சொன்னார். கடைசியில் ஐந்து ஓரா மீன் எடுத்தார். அன்றைக்கு இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார். இப்போது கிழமையில் மூன்று நாள் அவர்தான் இல்லத்துக்கு மீன் தெரிவு செய்கிறார். போன கிழமை மீன்காரத் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அக்கா, நீங்கள் மட்டும் வாங்கோ, நல்ல மீனாய்த் தாறன். ஐயாவைக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ, நான் மற்ற ஆக்களுக்கும் விக்கவேணும்."

பெல்

பரமேஸ்வரி ரீச்சர் முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவர். கட்டிலோடு இருக்கிற பெல்லை ஒரு நாளைக்கு இருபது தடவை அடிப்பார். ஓடிப்போனால் கைமணிக்கூட்டைப் பார்ப்பார், கொப்பியில் எழுதுவார், "சரி, நீர் போகலாம்" என்பார். ஒருநாள் அவர் குளிக்கப்போன நேரம் கொப்பியைத் திறந்து பார்த்தேன். பெல் அடித்த நேரம், ஆள் வந்த நேரம், வந்தவரின் பெயர், மார்க்ஸ். என் பெயருக்கு நேரே "சுறுசுறுப்பு உண்டு, முகம் சரியில்லை" என்று குறிப்பு வேறு.

ஒரு மாதத்தில் எங்களுக்கு அந்தப் பெல் பழகிவிட்டது. கையில் இருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் போவோம். அப்படி ஒருநாள் பெல் அடித்தது. நான் மடித்துக்கொண்டிருந்த போர்வைகளை மடித்து முடித்துவிட்டுப் போனேன். ரீச்சர் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் கிடந்தார். பெல் வயரைப் பிடித்து இழுத்து அடித்திருக்கிறார். வலது கை மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அவருடைய கண் மணிக்கூட்டில் இருந்தது. "நாலு நிமிசம்" என்றார். "இண்டைக்குச் சோதினை இல்லைப் பிள்ளை. உண்மையாத்தான் விழுந்தனான்."

மணிக்கட்டு எலும்பு வெடித்து ஆறு கிழமை கட்டுப் போட்டிருந்தார். அன்றிலிருந்து பெல் அடித்தால் எல்லாரும் ஓடுகிறோம், போர்வை கிடந்தபடி கிடக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாளே கொப்பியை என்னிடம் நீட்டினார். "எனக்கு எழுத ஏலாது. உமக்கு நீரே மார்க்ஸ் போடும். கள்ளம் போட்டால் எனக்குத் தெரியும்."

துவாய்

பிறந்தநாள், திவசம், பள்ளிக்கூட விழா என்று எங்கள் இல்லத்துக்கு நிறையப் பேர் வருவார்கள். வருகிறவர்கள் எல்லாருக்கும் ஏனோ குளித்துத் துடைக்கிற துவாய் கொடுக்கத்தான் தோன்றும். போன மாதம் ஒரு குழுவினர் கந்தையா ஐயாவின் கையில் துவாயை வைத்துப் படம் எடுத்துவிட்டுப் போனார்கள். நான் அதை அலுமாரியில் வைக்கப்போனேன். கதவு மூடவில்லை. உள்ளே ஏற்கெனவே பதினாலு துவாய். ஐயா கட்டிலில் இருந்து காலை நீட்டிக் காட்டினார். "எனக்கு இருக்கிறது ஒரு முதுகு, பிள்ளை. உதுக்குள்ளை ஒருத்தருக்காவது ஒரு நகவெட்டி கொண்டுவரத் தோன்றேல்லையே?"

நெஞ்சுத் துடிப்பு

மங்கையர்க்கரசி அம்மாவின் மகன் கனடாவில் இருக்கிறார். பாசமான பிள்ளை. அம்மா எத்தனை அடி எடுத்து வைக்கிறார், நெஞ்சு எப்படித் துடிக்கிறது என்று அங்கே அவருடைய போனில் காட்டுகிற ஒரு கைமணிக்கூட்டை அனுப்பியிருந்தார். அம்மா இரண்டு நாள் கட்டினார். மூன்றாம் நாள் "ஏன் அம்மா நடக்கேல்லை?" என்று மகன் கேட்டார். நாலாம் நாளிலிருந்து மணிக்கூடு எங்கள் குசினியில் சமைக்கிற ராணி அக்காவின் கையில் இருந்தது. எனக்குத் தெரியும். பேசாமல் இருந்தேன். குசினிக்கும் கிணற்றடிக்கும் களஞ்சிய அறைக்குமாக ராணி அக்கா ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் அடி நடப்பார். மகனுக்குச் சந்தோசம். அம்மா கதிரையில் இருந்து பேப்பர் வாசித்தார். அவருக்கும் சந்தோசம்.

ஒரு புதன்கிழமை காலை மகன் பதறிக்கொண்டு போன் எடுத்தார். "அக்கா, அம்மான்ரை நெஞ்சு தாறுமாறா அடிக்குது. நூற்றி நாப்பதுக்கு மேலை போகுது. உடனை டொக்டரைக் கூப்பிடுங்கோ!" ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மா குறுக்கெழுத்துப் போட்டி நிரப்பிக்கொண்டிருந்தார். அங்கேயே நின்று இரண்டு மூச்சு விட்ட பிறகுதான் எனக்குக் குசினி ஞாபகம் வந்தது. ராணி அக்கா அரிசி மூட்டையில் சாய்ந்து இருந்தார். முகமெல்லாம் வியர்வை. "ஒண்டுமில்லைத் தயா, அடுப்பு வெக்கை" என்றார்.

வெக்கை இல்லை. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போகிற வருத்தம் என்றும், பிந்தியிருந்தால் பாரிசவாதத்தில் விழுந்திருப்பார் என்றும் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பின்னேரம் நான் மகனுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர், "ராணி அக்காவுக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்டார். தப்பிவிட்டார் என்றேன். மணிக்கூட்டை அவரே வைத்திருக்கட்டும் என்றார். நான் போனை வைத்ததும் மங்கையர்க்கரசி அம்மா பேப்பரில் இருந்து தலையை எடுத்தார். "பாத்தியளே, என்ரை பிள்ளை எவ்வளவு கவனமாப் பாக்கிறான். ஆளைத்தான் மாறிப் பாத்திட்டான்."

ஒன்றும் கேட்காதவர்

ஞானம்மா ஒன்றும் கேட்கமாட்டார். உப்புக் கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சு என்று சொல்லமாட்டார். பார்க்க வருவதற்கும் ஆட்கள் இல்லை. மாதக் கூட்டத்தில் இந்திரா அக்கா, "ஞானம்மாவால ஒரு கரைச்சலும் இல்லை" என்பார். நாங்களும் தலையாட்டுவோம். அவருடைய கட்டில் வாசலுக்குப் பக்கத்தில். நாலு மணிக்கு வேலை முடிந்து போகும்போது, கைப்பையைத் தோளில் போட்டபடி, "போட்டு வாறன் அம்மா" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடுவேன். "ஓம், கவனமாப் போ" என்பார். மூன்று வருடமாக இதுதான் எங்கள் கதை பேச்சு.

எனக்குப் பித்தப்பையில் கல். திடீரென்று ஒரு நாள் மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள், ஒப்பரேசன் முடிந்து பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வந்தேன். ஞானம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்கவில்லை, மற்றவர்கள் கொடுத்ததைக் குடித்தார். இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, "அம்மா, நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டேன். சீலைத் தலைப்பை விரலில் சுற்றினார், கழற்றினார். அவர் அவ்வளவு கதைத்து நான் கேட்டதே இல்லை.

"நீ சொல்லாமல் போட்டாய். பிறகு நாலு மணிக்கு ஒருத்தரும் எனக்குச் சொல்லிப்போட்டுப் போகேல்லை. நான் ஆரையெண்டு கவனமாப் போகச் சொல்லுறது?"

இப்போது நாலு மணிக்கு ஞானம்மாவின் கட்டிலடியில் வேலை முடிந்து போகிற எங்கள் ஐந்து பேரின் வரிசை நிற்கிறது. எங்கள் இல்லத்தில் எல்லாருடைய தேவையையும் நாங்கள் தவறாமல் கவனிக்கிறோம், என்ன, வழக்கமாக ஒரு பத்து நாள் பிந்திவிடும்.