ஒற்றை முள் கடிகாரம்

நேற்று பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். டர்பன்டைன் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பிரான்ஸ் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். திருப்பரங்குன்றத்தைத் தாண்டாத வயதில் நான் பிரான்ஸில் ஒரு ஊரையே கட்டியவன், பன்னிரண்டடித் துணியில்.

அப்போது மதுரையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குத் திரை எழுதிக்கொண்டிருந்தேன். படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்குப் பின்னால் தொங்குமே, அந்தத் திரை. அரண்மனை, நீரூற்று, மயில் எல்லாம் எழுதுவேன். மயில் மட்டும் வாத்து மாதிரி வரும்.

கோச்சடை முத்துக்கருப்பன் அங்கேதான் வந்தார். முதல் யுத்தத்தில் கோவேறு கழுதை ஓட்டப் பிரான்ஸ் போனவர். ஊரில் யாரும் நம்பவில்லை. பம்பாயோடு திரும்பிவிட்டார் என்று கேலி பேசினார்கள். தான் தங்கியிருந்த சின்ன ஊர் பின்னால் தெரிய ஒரு படம் வேண்டும் என்றார். அந்த ஊரின் பெயர்தான் அவர் வாயில் நுழையவில்லை.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஐந்து வளைவுக் கல்பாலம், பழைய கோட்டைவாசல், கடிகாரக் கோபுரம். கைப்பழக்கத்தில் அது மீனாட்சி கோயில் கோபுரமாகவே வந்தது. மூன்று தடவை அழிக்க வைத்தார். கடிகாரத்துக்கு ஒரு முள்தான் என்றார். பாவம், மறந்திருப்பார் என்று நானாக இரண்டு போட்டேன்.

"ஒத்த முள்ளுதான் தம்பி. நிமிசம் காட்டாது. எட்டு மாசம் அதுக்குக் கீழதான கெடந்தேன்."

அழித்தேன். ஆனால் படத்தைப் பார்த்த ஊர்க்காரர்கள், பொய்யைக்கூட முழுசாகச் சொல்லத் தெரியவில்லை என்று இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அதன்பின் அவர் சாவடிப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் படம் எடுத்துக்கொள்ள வந்தார். நாற்காலியில் உட்காரப் போனவர் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கிட்டே போய் அந்த முள்ளை விரலால் தொட்டார்.

"இது நான் பிறந்த ஊர். நீ எப்போது அங்கே போனாய்?" என்றார், திருத்தமான தமிழில்.

அதற்குமேல் ஒரு பாராட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. விஷயத்தைச் சொன்னேன். படம் எடுக்க வந்ததையே மறந்து, குதிரை வண்டி பிடித்து என்னையும் ஏற்றிக்கொண்டு கோச்சடைக்குப் புறப்பட்டுவிட்டார்.

சாவடியில் ஊரே கூடியது. முத்துக்கருப்பன் பாலத்தைச் சொன்னார். பாதிரியார் அதன் கீழே ஓடும் ஆற்றைச் சொன்னார். இருவரும் எங்களை மறந்து, பேச்சிலேயே அந்த ஊரில் தெருத்தெருவாக நடந்தார்கள். கடைசியில் முத்துக்கருப்பன் திரும்பி, "இப்பக் கேளுங்கடா, எத்தன முள்ளுன்னு" என்றார். பாதிரியார் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார்.

இரண்டாம் யுத்தத்தில் குண்டு விழுந்து அந்தக் கோபுரம் இடிந்ததாகப் பாதிரியாருக்குக் கடிதம் வந்தது. நேரே ஸ்டுடியோவுக்கு வந்து, திரைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஸ்டுடியோவையும் மூடினார்கள். திரையை ஒரு பூசணிக்காய்க் கடைக்காரர் வாங்கிப் பந்தலாகக் கட்டினார். ஒரு கோடை முழுக்க அந்த ஊர் மதுரை வெயிலைத் தாங்கியது. ஆடிக் காற்றில் கிழிந்துபோனது.